எண் கூடினால் கைப்பேசியும் கூடுமா? ஏ15, ஏ16 இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கணக்கு

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் வீட்டு வாடகை, மளிகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாவற்றையும் சமாளிக்கும் குடும்பத்துக்கு 600 ரிங்கிட் கைப்பேசி சின்னச் செலவு கிடையாது. மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதற்கே போய்விடும். ஆனாலும் இன்று தோட்டத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, கைப்பேசி இல்லாமல் காரியம் நடப்பதில்லை. சம்பளம் வங்கியில் ஏறியதைப் பார்ப்பது, பள்ளி ஆசிரியரின் புலனக் குழு, அரசாங்க உதவித் தொகை விண்ணப்பம், மருத்துவமனைத் தவணை நாள், ஊரில் இருக்கும் பெற்றோரின் முகம் என்று எல்லாம் அந்த ஒரு கருவிக்குள்தான் இருக்கிறது.

அதனால்தான் தீபாவளி நெருங்கும்போதோ ஆண்டு இறுதி போனஸ் வரும்போதோ பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. போன ஆண்டு மாடலை விலை குறைத்து வாங்குவதா, கொஞ்சம் கூடப் போட்டு இந்த ஆண்டு மாடலை வாங்குவதா? கையில் இருப்பதே ஓடுகிறதே, மாற்றத்தான் வேண்டுமா?

இதற்கு விளம்பரப் பலகையில் பதில் கிடைக்காது. இரண்டு தலைமுறைக் கைப்பேசிகளைப் பக்கத்தில் வைத்து, எது மாறியது, எது மாறவில்லை, மாறியது நமக்குப் பயன்படுமா என்று பார்ப்பதே சரியான வழி. இதைக் கற்றுக்கொள்ள நல்ல உதாரணம் சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி ஏ15, கேலக்சி ஏ16. முதலாவது 2023 டிசம்பரிலும், இரண்டாவது 2024-இன் கடைசி மாதங்களிலும் அறிமுகமாயின. 2025-இல் ஏ17-உம் வந்துவிட்டது. புதியது வந்தால் பழையவற்றின் விலை இறங்கும். அப்போதுதான் இந்த ஒப்பீட்டின் தேவையும் கூடும்.

மாறாதவை எவை?

பெயரில் எண் ஒன்று கூடினால் உள்ளே எல்லாமே புதிது என்று பலர் நினைக்கிறார்கள். ஏ15, ஏ16 இரண்டின் 4ஜி மாடல்களையும் எடுத்துக்கொண்டால், இரண்டிலும் இருப்பது ஒரே சில்லு. மீடியாடெக் நிறுவனத்தின் ஹீலியோ ஜி99 என்பது அதன் பெயர். அது 2022-இல் அறிமுகமானது. சில்லுதான் கைப்பேசியின் மூளை. செயலி திறக்கும் வேகம், விளையாட்டு ஓடும் விதம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சுறுசுறுப்பு எல்லாம் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை. ஆகவே ஏ15 வைத்திருப்பவர் ஏ16 வாங்கினால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்க முடியாது. பழையது குப்பை நிறைந்து திணறிக்கொண்டிருந்தால், புதியது சில மாதங்களுக்கு வேகமாகத் தெரியும். அது புதுச் சில்லு தரும் வேகமில்லை, காலியான சேமிப்பிடம் தரும் வேகம்.

கேமராவும் அப்படித்தான். இரண்டிலும் பின்பக்கம் 50 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா, 5 மெகாபிக்சல் அகலக் கேமரா, 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா. முன்பக்கம் 13 மெகாபிக்சல். பகல் வெளிச்சத்தில் இரண்டும் நல்ல படம் எடுக்கும். இரவில் கோயில் திருவிழாவில் ரதம் வரும்போது எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி தடுமாறும். மூன்று கண்கள் இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் பெருமையாகச் சொல்லலாம். உண்மையில் அன்றாடம் உழைப்பது முதல் கண் மட்டுமே. கை நடுக்கத்தால் படம் மங்காமல் காக்கும் வசதி இந்த வரிசையில் ஏ17-இல்தான் வந்தது.

பேட்டரி இரண்டிலும் 5,000 மில்லி ஆம்பியர் மணி. மின்னேற்ற வேகமும் இரண்டிலும் 25 வாட் வரை. திரை இரண்டிலும் சூப்பர் அமோலெட் வகை. அசைவின் மென்மையைக் குறிக்கும் 90 ஹெர்ட்ஸ் அளவும் இரண்டுக்கும் பொது. கைரேகைப் பொத்தான் இரண்டிலும் பக்கவாட்டில்தான் இருக்கிறது. கூடுதல் நினைவக அட்டை போடும் வசதியும் இரண்டிலும் உண்டு.

மாறியவை எவை?

முதல் மாற்றம் திரையின் அளவு. ஏ15-இன் திரை 6.5 அங்குலம், ஏ16-இன் திரை 6.7 அங்குலம். கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்கும், கைப்பேசியிலேயே பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும். ஆனால் கைப்பேசியும் நீளமாகிறது. சிறிய கை உடையவர்கள் ஒரு கையால் பிடித்து மேல் மூலையைத் தொட முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது மாற்றம், தூசும் நீர்த்தெறிப்பும் தாங்கும் தன்மை. ஏ16-க்கு ஐபி54 என்ற தரம் உண்டு. ஏ15-க்கு அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை. இந்த எண்ணில் 5 என்பது தூசு பெரும்பாலும் உள்ளே போகாது என்பதையும், 4 என்பது எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதையும் குறிக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கும், விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போகிறவருக்கும், மழையில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கும் இது உண்மையான பயன். அதே நேரத்தில் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. வாளித் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. குழாயடியில் கழுவவும் கூடாது. தண்ணீர் உள்ளே புகுந்து கெட்டுப்போனால் உத்தரவாதம் பொதுவாக அதை ஏற்காது.

மூன்றாவது மாற்றம் இழப்புக் கணக்கில் வருகிறது. ஏ15-இல் காதொலிக் கம்பி செருகும் வட்டத் துளை உண்டு. ஏ16-இல் அது எடுக்கப்பட்டுவிட்டது. பழைய காதொலிக் கருவியைச் செருகிப் பாட்டுக் கேட்பவரும், காரில் கம்பி வழியே பாட்டுப் போடுபவரும் இதைக் கவனிக்க வேண்டும். மின்னேற்றத் துளையில் மாட்டும் மாற்றி ஒன்று வாங்கலாம். ஆனால் மிக மலிவான மாற்றிகள் சில கைப்பேசிகளில் வேலை செய்வதில்லை. கம்பியில்லாக் காதொலிக் கருவி வாங்கினால் அதுவும் செலவுதான். அந்தச் செலவையும் ஏ16-இன் விலையோடு சேர்த்தே கூட்ட வேண்டும்.

நான்காவது மாற்றம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. அதுதான் மென்பொருள் ஆதரவுக் காலம்.

கண்ணுக்குத் தெரியாத ஆயுள்

ஒரு கைப்பேசிக்கு இரண்டு ஆயுள் உண்டு. உடல் எத்தனை நாள் உழைக்கும் என்பது ஒன்று. நிறுவனம் எத்தனை நாள் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு அனுப்பும் என்பது இன்னொன்று. பாதுகாப்புப் புதுப்பிப்பு என்பது வீட்டுக் கதவின் பூட்டைச் சரிபார்ப்பது போன்றது. திருடர்கள் புதிய சாவி செய்யும்போதெல்லாம் பூட்டை மாற்றிக் கொடுக்கும் வேலை அது. ஆதரவு நின்ற பிறகும் கைப்பேசி ஓடும், அழைப்பு வரும், படம் எடுக்கும். ஆனால் பூட்டை மாற்ற ஆள் வர மாட்டார்.

இதன் விளைவு மெல்லத்தான் தெரியும். முதலில் வங்கிச் செயலி, இந்தப் பதிப்பில் இனி இயங்காது என்று சொல்லும். பிறகு மற்றச் செயலிகளும் ஒவ்வொன்றாக விலகும். ஆண்ட்ராய்டு 4.4 ஓடிய பழைய கைப்பேசிகளில் புலனமே 2025 தொடக்கத்தில் நின்றுவிட்டது. அந்தக் கைப்பேசிகளின் உடல் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஏ15-க்கு நான்கு முறை ஆண்ட்ராய்டு மேம்பாடும் ஐந்து ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் அறிவிக்கப்பட்டன. ஏ16-க்கு ஆறு முறை மேம்பாடு, ஆறு ஆண்டுப் புதுப்பிப்பு. இரண்டும் ஆண்ட்ராய்டு 14-இல் தொடங்கியவை. ஆகவே ஏ15 ஆண்ட்ராய்டு 18 வரையிலும், ஏ16 ஆண்ட்ராய்டு 20 வரையிலும் போகக்கூடும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த ஆண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுபவை அல்ல, மாடல் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை. 2023 டிசம்பரில் வந்த ஏ15-இன் ஐந்து ஆண்டு 2028 இறுதி வாக்கில் முடிகிறது. 2024 இறுதியில் வந்த ஏ16-இன் ஆறு ஆண்டு 2030 இறுதி வாக்கில் முடிகிறது. கடை அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் அதன் ஆயுள் கரைந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆண்டுக்கு எவ்வளவு?

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் கணக்குக்காக மட்டும் ஒரு விலையை வைத்துக்கொள்வோம். 2026 தொடக்கத்தில் ஏ15 500 ரிங்கிட்டுக்கும், ஏ16 650 ரிங்கிட்டுக்கும் கிடைப்பதாகக் கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் ஏ15 வாங்கினால் 150 ரிங்கிட் மிச்சம்.

ஆனால் ஏ15-க்கு மீதி இருக்கும் ஆதரவு ஏறக்குறைய மூன்று ஆண்டு. 500-ஐ மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 167 ரிங்கிட். ஏ16-க்கு மீதி ஏறக்குறைய ஐந்து ஆண்டு. 650-ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 130 ரிங்கிட். மலிவாகத் தெரிந்ததுதான் உண்மையில் விலை கூடியது.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். ஏ15 390 ரிங்கிட்டுக்குக் கிடைத்தால் இரண்டும் சமம். அதற்கும் கீழே இறங்கினால் ஏ15 லாபம். ஒருவர் எப்படியும் இரண்டு மூன்று ஆண்டில் கைப்பேசியை உடைத்துவிடுபவர் என்றால், ஐந்தாவது ஆண்டு ஆதரவு அவருக்குப் பயன்படப்போவதில்லை. அவருக்கும் மலிவானதே நல்லது. எந்த நிறுவனத்தின் எந்த இரண்டு மாடலுக்கும் இதே கணக்குப் பொருந்தும். விலை, வெளிவந்த தேதி, ஆதரவு ஆண்டு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆறு ஆண்டு ஓட வேண்டிய கைப்பேசிக்கு ஆறு ஆண்டுக்குப் போதுமான உள்நினைவகம் வேண்டும். ஏ16-இல் 4 ஜிபி ரேம் உள்ள வகையும் உண்டு, 8 ஜிபி உள்ள வகையும் உண்டு. செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு கனம் கூடுகின்றன. 4 ஜிபி வகை ஐந்தாம் ஆண்டில் ஆதரவு இருந்தும் திணறலாம். கொஞ்சம் கூடக் கொடுத்து 8 ஜிபி எடுப்பது நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு நல்ல முதலீடு. விளம்பரத்தில் 8 கூட்டல் 8, மொத்தம் 16 ஜிபி என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். இரண்டாவது 8 என்பது சேமிப்பிடத்தில் ஒரு பகுதியைக் கடன் வாங்கி ரேம் போலப் பயன்படுத்துவது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது.

ஒரே பெயரில் இரண்டு கைப்பேசி

ஏ15 என்ற பெயரில் 4ஜி மாடலும் உண்டு, 5ஜி மாடலும் உண்டு. ஏ16-உம் அப்படியே. பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், உள்ளே சில்லு வேறு. 4ஜி மாடலில் 5ஜி எந்தக் காலத்திலும் வராது. எந்தப் புதுப்பிப்பாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆகவே இணையத்தில் விலை ஒப்பிடும்போது 4ஜி விலையை 5ஜி விலையோடு ஒப்பிட்டு, இந்தக் கடை மலிவு என்று முடிவு செய்துவிடக் கூடாது.

5ஜி வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. மலேசியாவில் 5ஜி சேவை 2021 டிசம்பரில் கோலாலம்பூரின் சில பகுதிகள், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய இடங்களில் தொடங்கிப் பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. கிள்ளானிலோ ஈப்போவிலோ வேலை செய்பவருக்கும், உட்புறத் தோட்டத்தில் வாசலுக்கு வந்தால்தான் இரண்டு கோடு காட்டும் வீட்டில் இருப்பவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. வாங்கும் முன், பக்கத்து வீட்டில் 5ஜி கைப்பேசி வைத்திருப்பவரிடம் கேட்டு, உங்கள் வீட்டில் அவருடைய திரையில் 5ஜி என்று வருகிறதா என்று பார்த்துவிடலாம். வராவிட்டால் இன்றைக்கு அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் குறைவு. ஆனால் ஐந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் மூடப்பட்டது. தொலைத்தொடர்புச் சேவைகள் நின்ற இடத்தில் நிற்பதில்லை.

யாருக்கு எது?

ஏ15 ஏற்கெனவே கையில் இருந்து, நன்றாக ஓடிக்கொண்டும் இருந்தால் ஏ16-க்கு மாறத் தேவையில்லை. ஒரே சில்லு, ஒரே கேமரா, ஒரே பேட்டரி. ஆதரவும் 2028 வரை இருக்கிறது. அந்தப் பணத்தைப் பிள்ளையின் கல்விக்கு ஒதுக்கலாம்.

ஏ14 வைத்திருப்பவரின் நிலை வேறு. 2023 தொடக்கத்தில் வந்த அந்த மாடலின் 4ஜி வகையில் திரை எல்சிடி, மின்னேற்றம் 15 வாட், சில்லும் பழையது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நான்கு ஆண்டுதான், அதாவது 2027 வாக்கில் முடிகிறது. அங்கிருந்து ஏ15-க்கோ ஏ16-க்கோ வந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அவசரம் இல்லாவிட்டாலும், அடுத்த வாங்கலுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

மழையிலும் மண்ணிலும் வேலை செய்பவருக்கு ஏ16-இன் ஐபி54 பொருத்தம். காதொலிக் கம்பியை விட முடியாதவருக்கு ஏ15 பொருத்தம். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால், ஐந்தாம் படிவம் முடியும்வரை தாங்க வேண்டும் என்ற கணக்கில் ஆதரவுக் காலத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மகன் புதிய கைப்பேசி வாங்குவார். பழையது மனைவிக்குப் போகும், அதற்கும் பழையது தோட்டத்தில் இருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போகும். அம்மா பேச மட்டும்தானே போகிறார், இது போதும் என்ற எண்ணம். ஆனால் இன்று அதே அம்மாவின் கைப்பேசிக்குத்தான் பரிசு விழுந்திருக்கிறது, உதவித் தொகை வந்திருக்கிறது, திருமண அழைப்பிதழைத் திறந்து பாருங்கள் என்று போலிச் செயலிக் கோப்புகள் வருகின்றன. ஆதரவு முடிந்த கைப்பேசி, மோசடியை எளிதில் அடையாளம் காண முடியாதவரின் கையில் போய்ச் சேருகிறது. வீட்டிலேயே மிகப் பலவீனமான பூட்டு, மிகவும் காக்கப்பட வேண்டியவரின் கதவில் தொங்குகிறது. கொடுப்பதில் தவறில்லை. அதில் வங்கிச் செயலி வேண்டாம், வந்த கோப்பு எதையும் திறக்க வேண்டாம் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சேமிப்பை வங்கிச் செயலியில்தான் அவர் பார்க்கிறார் என்றால், புதிய கைப்பேசி முதலில் தேவைப்படுவது அவருக்கே.

மாற்றும் முன் மூன்று சோதனை

கைப்பேசி மெதுவாகிவிட்டது என்பதற்காக உடனே மாற்ற வேண்டியதில்லை. முதலில் சேமிப்பிடத்தைப் பாருங்கள். புலனக் குழுக்களில் காலை வணக்கப் படங்களும் காணொளிகளும் சேர்ந்து இடத்தை நிரப்பியிருக்கும். புலனத்தின் அமைப்புகளில் சேமிப்பு என்ற பகுதிக்குப் போய்ப் பெரிய கோப்புகளை அழித்தால் பல கைப்பேசிகள் மூச்சுவிடும்.

இரண்டாவது பேட்டரி. இரண்டு மூன்று ஆண்டு ஆன பேட்டரி பாதி நாளிலேயே தீர்ந்துவிடுவது இயல்பு. அதிகாரப்பூர்வ சேவை மையத்தில் பேட்டரியை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். ஆதரவு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும் கைப்பேசிக்கு அது நல்ல செலவு. பேட்டரி உப்பி, பின்மூடி எழும்பியிருந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம், அது ஆபத்து.

மூன்றாவது, பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி. அமைப்புகளில் கைப்பேசி பற்றிய பகுதிக்குப் போய், மென்பொருள் தகவலைத் திறந்தால் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதத்தியது என்று இருக்கும். ஓர் ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்து, புதுப்பிப்பு எதுவும் வரவில்லை என்றால் அந்தக் கைப்பேசியில் பணப் பரிமாற்றம் செய்வதை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது.

கடையில் கேட்க வேண்டியவை

இது மலேசியச் செட்டா, ஏபி செட்டா என்பது முதல் கேள்வி. ஏபி செட் என்று கடைகளில் சொல்வது வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்து இங்கே கொண்டுவரப்பட்டது. விலை குறைவாக இருக்கும், ஆனால் நிறுவனத்தின் உள்ளூர் உத்தரவாதம் இருக்காது. கடை உத்தரவாதம் மட்டுமே. கடை மூடினால் உத்தரவாதமும் போச்சு. சில வெளிநாட்டுச் செட்டுகளில் உள்ளூர் நிறுவனத்தின் 4ஜி குரல் அழைப்பும் சரியாக வேலை செய்வதில்லை. 3ஜி மூடப்பட்ட பிறகு இது பெரிய தொந்தரவு. சிரிம் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். *#06# என்று அழுத்தினால் கைப்பேசியின் அடையாள எண் வரும். அது பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

என்எஃப்சி வசதி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஏ15-இலும் ஏ16-இலும் இது சந்தைக்குச் சந்தை மாறும். டச் அண்ட் கோ அட்டையைக் கைப்பேசியின் முதுகில் வைத்துப் பணம் ஏற்ற நினைப்பவர்களுக்கு இது அவசியம். பெட்டியில் மின்னேற்றி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்போது பல பெட்டிகளில் கம்பி மட்டுமே வருகிறது. வீட்டில் இருக்கும் பழைய 15 வாட் மின்னேற்றியாலும் ஏற்றலாம், நேரம்தான் கூடும்.

தவணையில் வாங்குபவர் மொத்தம் எவ்வளவு கட்டுகிறார் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். மாதம் 49 ரிங்கிட் என்பது சின்னதாகத் தெரியும். 24 மாதம் கட்டினால் அது 1,176 ரிங்கிட். அதில் கைப்பேசியின் விலை எவ்வளவு, அழைப்புத் திட்டத்தின் விலை எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மாடல் பெயர், ரேம், சேமிப்பிடம், அடையாள எண் எல்லாம் ரசீதில் இருக்க வேண்டும். சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று ஆகி, கடையும் கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்பது கடினம்.

பழையதை விட்டுப் போகும் முன்

புதியது கைக்கு வந்ததும் பழையதை அழித்துவிடாதீர்கள். பேங்க் நெகாராவின் பாதுகாப்பு விதிப்படி, வங்கிப் பரிமாற்றத்தை உறுதி செய்யும் கருவியாக ஒரு கணக்குக்கு ஒரு கைப்பேசி மட்டுமே பதிவாக முடியும். புதிய கைப்பேசியைப் பதிவு செய்ததும் சில மணி நேரக் காத்திருப்பும் உண்டு. அந்த நேரத்தில் பணம் அனுப்ப முடியாமல் போகலாம். ஆகவே கார் தவணை கட்டும் நாளிலோ, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் நாளிலோ கைப்பேசியை மாற்றாதீர்கள்.

புலன உரையாடல்களை மாற்ற, இரண்டு கைப்பேசிகளையும் பக்கத்தில் வைத்து, கியூஆர் குறியீட்டை வருடினால் போதும். இணையத் தரவு அதிகம் செலவாகாது. படங்களும் தொடர்பு எண்களும் போய்ச் சேர்ந்தனவா, வங்கிச் செயலி புதியதில் திறக்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, பழையதில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு முழுவதுமாக அழித்துக் கொடுக்கலாம். கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்தால், அடுத்தவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். மாற்றும் நேரத்தில் யாராவது அழைத்துக் குறியீட்டு எண் கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தூரமாக்கும்.

அடுத்த ஆண்டு ஏ18 வரலாம், அதற்கடுத்து ஏ19 வரலாம். வேறு நிறுவனங்களும் இதே வேகத்தில் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். எண்ணைப் பார்த்து வாங்கினால் ஆண்டுதோறும் வாங்க வேண்டியிருக்கும். சில்லு மாறியதா, ஆதரவு எத்தனை ஆண்டு மிச்சம், நமக்குத் தேவையான எதையாவது எடுத்துவிட்டார்களா என்று இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், வாங்கும் கைப்பேசி போட்ட பணத்துக்கு உழைக்கும். மாற்றத் தேவையில்லை என்று தெரிந்து திரும்பி வந்தாலும் அதுவும் லாபம்தான்.